தட்டுக்கழியின் ஓசை

குலஸ்திரீகள் நாட்டியம் பயில்வதா என்று பெற்றோர் முகஞ்சுளித்த காலம் ஒன்றிருந்தது. 1936-இல் அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கி அத்தயக்கத்தைப் போக்கினார் ஸ்ரீமதி ருக்மிணி தேவி. அவரைப் போற்றுகிறோம். ஆனால் அவருக்கே ஆட்டம் கற்பித்தவர்கள் யார்? மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் அல்லவா? கோயிலையும் தட்டுக்கழியையும் நம்பி வாழ்ந்த மரபினர் அவர்கள். பொட்டுக்கட்டுவதைத் தடுத்த 1947-ஆம் வருஷத்துச் சட்டம் நியாயமானதே. எனினும் அம்மரபினர் வீடுகள் பலவற்றில் சதங்கை ஒலியும் அடங்கிற்று.

நம் தெருவிலோ மாலைதோறும் 'தையா தை' கேட்கிறது. அரைமண்டியில் நிற்கமாட்டாமல் சிணுங்கும் ஐந்து வயதுச் சிறுமியைக் காண்பதே தனி இன்பம்! கௌரி அம்மாளைப் பற்றிக் குழந்தைகளுக்குச் சொன்னதுண்டா என்று ஆசிரியையைக் கேட்டோம். சற்று யோசித்து, "நாளைக்கே சொல்கிறேன்" என்றார்.