கேபிளுக்கும் கொஞ்சம் எண்ணெய் விடுங்கள்

பைக் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். இன்ஜின் ஆயில் எப்போது மாற்றியது என்றால் கிலோமீட்டர் கணக்கோடு சொல்வார்கள். டயருக்குக் காற்று, செயினுக்கு எண்ணெய் எல்லாம் ஒழுங்காக நடக்கும். கேபிளுக்கு எண்ணெய் விட்டு எத்தனை நாளாச்சு என்று கேட்டால் மட்டும், "கேபிளுக்கா? அதுக்கு எதுக்கு எண்ணெய்?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார்கள். பி.காம் படிக்கிறவனுக்கு மெக்கானிக் பேச்சு எதற்கு என்று நினைக்காதீர்கள். கடைசியில் கணக்கில்தான் கொண்டு வந்து நிறுத்துவேன் :-)

கேபிள் என்பது இரண்டு பொருள். உள்ளே முறுக்கிய மெல்லிய எஃகுக் கம்பிகள். வெளியே ஸ்பிரிங் மாதிரிச் சுற்றிய எஃகு உறை, அதன்மேல் பிளாஸ்டிக். உறையின் இரண்டு முனைகளும் அசையாமல் நிற்கும், உள்கம்பி மட்டும் ஓடும். அதனால்தான் டேங்குக்கு அடியில் வளைந்து நெளிந்து போனாலும் இடது கையில் இழுத்த இழுப்பு கிளட்ச்சில் போய்ச் சேருகிறது. இதற்கு பௌடன் கேபிள் என்று பெயர். எர்னஸ்ட் மானிங்டன் பௌடன் என்பவர் 1896இல் காப்புரிமை பெற்றது. ராலே சைக்கிள் கம்பெனி முதலாளி ஃபிராங்க் பௌடன்தான் கண்டுபிடித்தார் என்று பலர் சொல்வதுண்டு. பெயர்தான் ஒன்று, ஆள் வேறு.

கம்பி உறைக்குள் உரசிக்கொண்டேதான் ஓடுகிறது. வளைவு கூடக் கூட உரசலும் கூடும். எண்ணெய் காய்ந்து, தூசியும் தண்ணீரும் உள்ளே போனால் துரு பிடிக்கும். எங்கள் ஊரில் இரண்டுக்கும் குறைவில்லை. ஆனி, ஆடியில் மேல்காற்று அடித்தால் ரோட்டுப் புழுதி முழுக்க வண்டிமேல். ஐப்பசி, கார்த்திகையில் மழை. நடுவே அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கம் வயல் சேற்றில் இறங்கி ஏறுகிற வண்டிகள் எத்தனை!

இதெல்லாம் போதாதென்று 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர். தாமிரபரணி கரை புரண்டு ஜங்ஷன் பக்கமெல்லாம் தண்ணீர். மூழ்கிய வண்டிகளுக்குக் கணக்கே இல்லை. வெள்ளம் வடிந்ததும் எல்லாரும் இன்ஜின் ஆயிலை மாற்றினார்கள், கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார்கள், பிளக் மாற்றினார்கள். வண்டி ஸ்டார்ட் ஆனதும் அப்பாடா என்று விட்டுவிட்டார்கள்.

என் சித்தப்பா பால் ஊற்றுகிறவர். அவர் வண்டியும் அப்படித்தான் பிழைத்து வந்தது. பொங்கல் கழிந்து ஒரு விடியற்காலையில் பால் கேனோடு சுலோசன முதலியார் பாலத்தில் வரும்போது ஆக்சிலேட்டரை விட்டிருக்கிறார், அது திரும்பி வரவில்லை. முறுக்கிய இடத்திலேயே நின்றுகொண்டது. கிளட்ச்சைப் பிடித்து, சாவியை அணைத்து, ஓரமாக நிறுத்தியதால் தப்பித்தார். அதே கேபிள் பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் வண்ணார்பேட்டையில் சிக்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது.

மெக்கானிக் அண்ணாச்சி கேபிளைக் கழற்றித் தொங்கவிட்டார். செம்மண் கரைசல் மாதிரி ஒழுகியது. "என்ன வே, உள்ள ஆத்து மண்ணுல்லா கெடக்கு!" என்றார். அதை மாற்றிவிட்டு, மற்ற கேபிள்களுக்கு எண்ணெய் விடுவதை எனக்கும் சொல்லிக் கொடுத்தார். அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சோதனை. லீவரை இழுத்தால் சொரசொரவென்று இருக்கிறதா? ஆக்சிலேட்டரை முறுக்கி விட்டால் டப்பென்று தானாகத் திரும்புகிறதா? வண்டியை நியூட்ரலில் ஓடவிட்டு ஹேண்டிலை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்புங்கள். இன்ஜின் சத்தம் கூடினால் கேபிள் எங்கோ இழுபடுகிறது என்று அர்த்தம். லீவரில் மாட்டும் குமிழை நிப்பிள் என்பார்கள். அதன் பக்கத்தில் ஒரு இழை பிரிந்திருந்தாலும் எண்ணெய் விட்டுப் பிரயோஜனமில்லை, புதுசுதான். "பிஞ்ச கேபிளுக்கு எண்ணெய் விடுறது, செத்தவனுக்கு மருந்து குடுக்க மாதிரி தம்பி" என்பது அண்ணாச்சி வாக்கு.

இழை நன்றாக இருந்தால், இன்ஜினை அணைத்துவிட்டு அட்ஜஸ்டரைத் தளர்த்தி மேல் முனையை லீவரிலிருந்து கழற்றுங்கள். ஒரு சின்ன பிளாஸ்டிக் பையின் மூலையில் ஓட்டை போட்டு, கேபிள் உறையின் வாயில் மாட்டி, இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டால் புனல் தயார். சிரிஞ்ச் இருந்தால் இன்னும் சுலபம். சில சொட்டு விட்டு, உள்கம்பியை மேலும் கீழும் ஆட்டுங்கள். கீழ் முனையில் எண்ணெய் சுத்தமாக வரும்வரை பொறுமை வேண்டும். அழுக்கு ஜாஸ்தியென்றால் ராத்திரி முழுக்க அப்படியே விட்டுவிடலாம். நிப்பிளுக்கு மட்டும் துளி கிரீஸ். பிறகு மாட்டி, லீவர் நுனியில் சுமார் 10 முதல் 15 மில்லிமீட்டர் சும்மா ஆடும்படி அட்ஜஸ்ட் செய்யுங்கள். வண்டிக்கு வண்டி மாறும், கையேட்டைப் பார்த்துக்கொள்வது நல்லது.

என்ன எண்ணெய்? தையல் மெஷின் எண்ணெயோ, நீர்த்த இன்ஜின் ஆயிலோ போதும். கெட்டி கிரீஸ் உள்ளே இறங்காது, வாயிலேயே நின்று தூசியைப் பிடிக்கும். டபிள்யூ.டி.40 தண்ணீரை வெளியேற்றவும் அழுக்கைக் கரைக்கவும் நல்லது, ஆனால் நீடித்து நிற்காது. அதன்பிறகு எண்ணெய் விட வேண்டும். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். 24 டிகிரிக்குப் பக்கத்தில் அது உறைய ஆரம்பிக்கும். மார்கழி விடியலில் பாட்டிலுக்குள் நடப்பது கேபிளுக்குள்ளும் நடக்கும். நல்லெண்ணெய் நாளாக ஆகப் பிசினாகிவிடும்.

ஒரு எச்சரிக்கை. இப்போது வரும் பல கேபிள்களில் உறைக்குள் நைலான், டெஃப்லான் குழாய் இருக்கிறது. சிலவற்றுக்கு எண்ணெயே விட வேண்டாம் என்று தயாரிப்பாளரே சொல்லியிருப்பார். அப்படியென்றால் விடாதீர்கள். ஸ்பீடாமீட்டர் கேபிள் தனி ஜாதி. அது இழுபடுவதில்லை, சுழல்கிறது. அதற்கு லேசாக கிரீஸ் தடவ வேண்டும்.

இனி கணக்கு. எங்கள் பாடத்தில் மூலதனச் செலவு, வருவாய்ச் செலவு என்று பிரிப்பார்கள். புது வண்டி வாங்குவது முதல் வகை, அதை ஓடும் நிலையில் வைத்திருப்பது இரண்டாவது. எண்ணெய்ச் செலவு சில ரூபாய், புது கேபிள் சில நூறு. சித்தப்பாவுக்கு அன்றைக்கு ஒரு நடைப் பால் போனது, வாடிக்கைக்காரர்களிடம் பேச்சும் வாங்கினார். பாலத்தில் நடக்காமல் போன விபத்தை எந்தப் பேரேட்டில் எழுதுவது? பராமரிப்பின் லாபம் எப்போதும் இப்படித்தான், நடக்காத நஷ்டமாக இருப்பதால் கண்ணில் படுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வண்டி கழுவுகிற பழக்கம் இருந்தால், துடைத்து முடித்ததும் அந்த ஹேண்டிலை ஒரு தடவை இரண்டு பக்கமும் திருப்பிப் பாருங்கள். அரை நிமிஷ வேலை.