பிறர் காசைப் பார்க்கும் உத்தியோகம்

"உங்கட பிள்ளை என்ன படிக்கிறா?" என்று கோயிலில் யாராவது கேட்டால் டொக்டர், எஞ்சினியர், எக்கவுண்டன் என்ற பதில்களுக்கு விளக்கம் தேவையில்லை. "முதலீட்டு முகாமைத்துவம்" என்றால் கேட்டவர் சற்று யோசிக்கிறார். ஒக்லண்ட் பல்கலைக்கழகத்தில் வணிகமாணி இரண்டாம் வருடம் படிக்கும் எமது மூத்த மகள் இதைச் சொன்னபோது நாமும் அப்படித்தான் யோசித்தோம். எமது குடும்பத்தில் இதுவே முதற் பட்டம். வீட்டு வாடகையும் ஊருக்கு அனுப்பும் காசும் அவளது முதற் சம்பளத்தைப் பார்த்திருக்கின்றன. ஆதலால் நன்றாக விசாரித்தோம். புதிதாக வந்த குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்றே எழுதுகிறோம்.

எமது சனத்துக்கு இதை விளங்கப்படுத்தச் சீட்டைவிட நல்ல உதாரணம் இல்லை. பத்து வீட்டுக் காசும் தாச்சியின் கையில்; தாச்சி நாணயமானவராய், கணக்குத் தெரிந்தவராய் இருக்க வேண்டும். இந்நாட்டில் 2007 யூலையில் தொடங்கிய கிவிசேவரும் பலர் காசு ஒருவர் கையில் சேரும் ஏற்பாடுதான். வேலைக்குப் போகும் எம்மிற் பலரின் சம்பளச் சிட்டையில் அந்தக் கழிவு இருக்கும். அது முதலீட்டு நிறுவனங்களுக்குப் போய்ப் பங்குகளிலும் கடன்பத்திரங்களிலும் இடப்படுகிறது. 2024இல் அதன் மொத்தம் நூறு பில்லியன் டொலருக்கு மேல். வருங்கால ஓய்வூதியத்துக்கென அரசாங்கம் வைத்திருக்கும் நியூசிலாந்து சுப்பர் நிதியமும் 2003இல் 2.4 பில்லியன் டொலருடன் முதலிடத் தொடங்கியது. அதன் அலுவலகம் ஒக்லண்டில்தான். ஆக, தொழில் இங்கேயே உண்டு. ஆனால் சிட்னி, லண்டனோடு பார்த்தால் இடங்கள் சொற்பம்.

பிள்ளைகள் எல்லோரும் கேட்பது ஆய்வாளர் வேலையை. கம்பனிகளின் கணக்குகளைப் படித்து, எந்தப் பங்கை வாங்கலாம் என்று சொல்பவர் அவர். அந்தக் கதிரைகள் மிகக் குறைவு. பின்னாலே இன்னொரு கதவு இருக்கிறது. நிதியத்தின் ஓர் அலகு இன்று என்ன விலை என்று நாளாந்தம் கணக்கிடும் பகுதி அது. பெயர் பெரிதில்லை, ஆனாலும் கணக்கியல் தெரிந்த பிள்ளைக்குப் பொருந்தும், தொழிலின் அடிவேரும் தெரியவரும். ஆலோசகர் வேலை வேறு விதம். அதற்கு ஐந்தாம் தர நிதிச் சேவைச் சான்றிதழ் போன்ற தகைமை வேண்டும். ஆட்களைப் பிடிக்கவும் வேண்டும். எமது பிள்ளைகள் பிடிக்கக்கூடிய ஆட்கள் மாமா, மாமி, சித்தப்பாமார்தான். சொந்தக்காரர் காசில் தொழில் பழகுவதை நாம் விரும்பவில்லை.

ராஜ் ராஜரட்ணத்தின் பெயரையும் பெரியவர்கள் எடுக்காமல் விடுவதில்லை. கொழும்பில் 1957இல் பிறந்து, 1997இல் நியூயோர்க்கில் கலியன் நிறுவனத்தைத் தொடங்கிப் பெரும் செல்வந்தரான தமிழர் அவர். கம்பனிகளின் உள் இரகசியத்தை வைத்துப் பங்கு வியாபாரம் செய்த குற்றத்துக்காக 2011இல் பதினொரு வருடச் சிறைத்தண்டனை பெற்றார். இதைக் காட்டித் துறையே கூடாது என்கிறார்கள். எமக்கு அப்படித் தோன்றவில்லை. இத்தகைய காரியங்கள் நடவாமல் உள்ளிருந்து பார்க்கும் சட்ட ஒழுங்குப் பிரிவும் ஓர் உத்தியோகம்தானே!

பரீட்சை விடயம். எமக்குத் தெரிந்தது சீமாவும் சாட்டர்ட் எக்கவுண்டன்சியும். இத்துறையில் மதிப்புள்ளது சி.எப்.ஏ. மூன்று கட்டங்கள், ஒவ்வொன்றுக்கும் சுமார் முந்நூறு மணித்தியாலப் படிப்பு, அதன்மேல் தொழில் அனுபவமும் காட்ட வேண்டும். முதற் கட்டத்தைப் பட்டப்படிப்பு முடியுமுன்னரே எழுதலாம். கட்டணம் கனதி. சில நிறுவனங்கள் வேலையாட்களுக்கு அதைத் தாமே கட்டுவதால், வேலை கிடைக்குமுன் கடன் வாங்கிக் கட்ட வேண்டாம் என்பது எமது எண்ணம்.

மாணவர் கடனைப் பற்றியும் ஒரு வார்த்தை. வதிவிடம் பெற்ற ஏனையோர் அதற்கு மூன்று வருடம் காத்திருக்க வேண்டும்; அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. இந்நாட்டில் வசிக்கும்வரை வட்டியும் இல்லை. ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால் வட்டி ஏறத் தொடங்கும். "சிட்னியில் சம்பளம் கூட" என்று புறப்படும் பிள்ளை இதையும் கூட்டிப் பார்க்க வேண்டும்.

மகள் இப்போது நிதியியலோடு கணக்கியலையும் பிரதான பாடமாக எடுத்திருக்கிறா. வருகிற கோடை விடுமுறைக்கு, நவம்பரிலிருந்து பெப்ரவரி வரையான பயிற்சி வேலைக்கு, நான்கு இடங்களுக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறா. மூன்று அந்தப் பின்கதவுப் பகுதிக்கு; ஒன்று ஆய்வாளர் பகுதிக்கு. அந்த ஒன்றை நாம் சொல்லிப் போடவில்லை. தன் விருப்பத்துக்குப் போட்டது.