மெய்ப்பு

அச்சகத்தில் பிழை திருத்துவதைத் தமிழில் 'மெய்ப்புப் பார்த்தல்' என்கிறோம். இப்பெயரை இட்டவர் யாராயினும் அவர் வாழ்க! மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடல். புள்ளி பெற்ற எழுத்தும் மெய்யே. இம்மூன்றுக்கும் ஊறு நேராமல் காப்பதே நெடுங்காலமாக எங்கள் பிழைப்பு.

ஒருவர் மூலப்படியை உரக்கப் படிப்பார். மற்றவர் மெய்ப்பின் மேல் விரலோட்டி வருவார். எங்களைக் கடந்து சென்றவை பேரிலக்கியங்கள் அல்ல. திருமண அழைப்பிதழ், பங்குத் திருவிழா அறிக்கை, முப்பதாம் நாள் நினைவு அட்டை, இவைதாம். ஆயினும் ஓர் எழுத்துப் பிறழ்ந்தால் 'திருப்பலி' 'திருப்பழி' ஆகிவிடும். 'இறை' 'இரை' ஆகிவிடும்.

இப்பணிக்கு ஓர் இயல்பு உண்டு. செவ்வனே செய்தால் எவர் கண்ணுக்கும் தெரியாது. தவறினால் எல்லார் கண்ணுக்கும் தெரியும். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' நூலை நினைக்கும்போது அண்டிரிக் அடிகளாரைப் போற்றுகிறோம். அதற்கு அச்சுக் கோத்த கைகளை நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்? நாசரேத்துத் தச்சுப் பட்டறையில் நம் ஆண்டவர் கழித்த ஆண்டுகளும் இவ்வாறு மறைந்த ஆண்டுகளே அன்றோ!

ஈய எழுத்துகள் இருந்த காலம் அது. கூலி வேலை செய்யும் ஏழைக் கைம்பெண் ஒருவர் கணவரின் நினைவு அட்டை நூறு கேட்டிருந்தார். பாதி அச்சான நிலையில், ஓட்டத்தில் ஓர் எழுத்துக் கழன்று விழுந்தது. இறந்தவரின் பெயர் குறையுற்றது. "அந்த அம்மாளுக்குப் படிக்கத் தெரியாது. யார் பார்க்கப் போகிறார்கள்?" என்றார் உரிமையாளர். அவர் கொடியவர் அல்லர். தாளின் விலை அவரை அவ்வாறு பேச வைத்தது.

நாங்கள் இசையவில்லை. படிக்கத் தெரியாதவரே நம்மை முழுமையாக நம்பி வருகிறார். அவரிடம் குறை வைப்பது குருடன் கையில் செல்லாக் காசை வைப்பதற்கு ஒப்பாகும். மேலும் அது திருமுழுக்கில் அவர் பெற்ற பெயர். இரவு வரை இருந்து, எழுத்தைச் சேர்த்து, அட்டைகளை மீண்டும் ஓட்டினோம். வீணான தாளின் விலை எங்கள் கூலியில் பிடிக்கப்பட்டது. அந்த வாரம் வீட்டில் அது தெரியத்தான் செய்தது.

அவ்வச்சகத்தின் சுவரில் சூசையப்பர் படம் இருந்தது. திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் 1955-இல் மே முதல் நாளைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் விழாவாக்கினார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் எழுதிய சுற்றுமடலில், உழைப்பின் மாண்பு செய்யப்படும் வேலையின் வகையில் இல்லை, அதைச் செய்பவர் மனிதர் என்பதில் இருக்கிறது என்று கற்பித்தார். வேலை மனிதனுக்காகவே என்றால், அதைச் செய்பவரோடு அதைப் பெறுபவரும் அம்மாண்புக்கு உரியவர் என்பது எங்கள் துணிபு.

படத்துக்கு மாலையிடுவது எளிது. அதன் கீழே நடக்கும் வேலையை நேர் செய்வது அரிது. அரைகுறை வேலையைச் செபத்தால் மூடிவிட முடியாது; வேலை நேராக இருந்தால் அதுவே செபத்துக்குத் துணை நிற்கும். இன்று கணிப்பொறியே பிழை காட்டுகிறது. ஆனால் "யார் பார்க்கப் போகிறார்கள்?" என்னும் கேள்வி ஓயவில்லை. சுவர் எழுப்பும் கொத்தனாரும் ஊசி போடும் செவிலியரும் விடைத்தாள் திருத்தும் ஆசிரியரும் அதை நாள்தோறும் கேட்கிறார்கள். அக்கேள்விக்கு நாம் கைகளால் சொல்லும் விடையே நம் விசுவாசத்தின் மெய்ப்பு.