டிசம்பர் 25: ஏரிக்கரைக் கணக்கு

தினசரிக் காலண்டரில் டிசம்பர் 25-ஆம் தேதித் தாள் சிவப்பு. கிறிஸ்துமஸ், அரசு விடுமுறை. மார்கழி ஒன்பது, இல்லையென்றால் பத்து. அன்றைய பத்திரிகையில் 'வரலாற்றில் இன்று' பகுதியைத் திறந்தால் நீளமாக ஒரு பட்டியல் இருக்கும். 1924-ல் வாஜ்பாய் பிறந்தார், 1972-ல் ராஜாஜி மறைந்தார், 1977-ல் சார்லி சாப்ளின் மறைந்தார், 1991-ல் கோர்பச்சேவ் பதவி விலகினார் என்று போகும். யாரோடும் யாருக்கும் தொடர்பில்லை. எல்லாரும் ஒரே தேதியின் கீழே வரிசையில் நிற்கிறார்கள், அவ்வளவுதான். பழவேற்காட்டுக் குப்பத்தில் பிறந்த எனக்கு அந்த வரிசை இன்னும் நீளம். அதில் பத்திரிகை போட்டவை சில, எங்கள் கரையோடு நின்றுபோனவை சில.

அந்தத் தேதி எனக்கு முதலில் ரேடியோச் சத்தமாகத்தான் நினைவுக்கு வருகிறது. 1987. எம்.ஜி.ஆர். 24-ஆம் தேதி விடியற்காலையில் இறந்துபோனார். மறுநாள் 25 மெரினாவில் அடக்கம். ரேடியோவில் சோக இசையைத் தவிர வேறெதுவும் இல்லை. அன்றைக்கு எங்கள் நைனாவுக்குப் பாடு இருந்தது. ஏரியில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் சூத்து வலை கட்டலாம் என்பதைக் குலுக்கிப் போட்டு, முறை வைத்து, ஊரே பேசி முடிவு செய்யும் ஏற்பாடுதான் பாடு. கோட்டைக்குப்பம், நடுக்குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய மூன்று ஊர்க்காரர்களும் தலைமுறை தலைமுறையாக இப்படித்தான் இறால் பிடிக்கிறார்கள். நல்ல இடம் ஒருவனுக்கே சொந்தமாகிவிடக் கூடாது என்பதற்காக வந்த வழக்கம் அது. நம் முறையை விட்டால் அது மறுபடி சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். மார்கழியில் இறால் படுகிற நாளில் முறையை விடுவது வீட்டுக்குப் பெரிய நஷ்டம். நைனா விட்டார். பஸ் ஓடவில்லை. பொன்னேரிவரை நடந்து, அங்கே கிடைத்த லாரியில் ஏறிப் பட்டணம் போனார். திரும்பி வந்தபோது தலை மொட்டை.

ஆயா திண்ணையில் உட்கார்ந்து, "நம்ம மாணிக்கம் பூட்டான்டா" என்று அழுதாள். முதலில் எனக்குப் புரியவில்லை. 1964-ல் வந்த 'படகோட்டி'யில் எம்.ஜி.ஆருக்கு மாணிக்கம் என்று பெயர். சண்டை போட்டுக்கொள்ளும் இரண்டு குப்பங்களை ஒன்று சேர்க்கிற மீனவன். ஆயாவுக்கு முதலமைச்சர் இறக்கவில்லை. படகு தள்ளிய பையன் இறந்திருந்தான். 1977-ல் 'மீனவ நண்பன்' திரைக்கு வந்தபோது அவர் ஏற்கெனவே முதலமைச்சராகிவிட்டார். கோட்டையில் உட்கார்ந்திருப்பவர் டூரிங் கொட்டாய்த் திரையில் மீனவனாக வந்து நிற்பதை எங்கள் ஜனம் மணல் குவித்து உட்கார்ந்து பார்த்தது. நடிப்பு எங்கே முடிகிறது, ஆட்சி எங்கே தொடங்குகிறது என்று அந்த மணலில் உட்கார்ந்திருந்த யாரும் கேட்கவில்லை.

அதே கொட்டாயில் பெரிய படத்துக்கு முன்னால் சில நாள் சாப்ளின் துண்டுப் படம் ஓட்டுவார்கள். கம்பை ஊன்றிச் சறுக்கி விழுகிற அந்த ஆளுக்கு எங்கள் ஊரில் பெயர் கிடையாது. 'தொப்பிக்காரன்' என்றுதான் சொல்வார்கள். அவர் சுவிட்சர்லாந்தில் ஒரு கிறிஸ்துமஸ் நாளில் செத்துப்போனார் என்று நான் படித்துத் தெரிந்துகொண்டபோது கொட்டாய் இருந்த இடத்தில் வலை காயப்போட்டிருந்தார்கள்.

நைனா மொட்டைத் தலையோடு திரும்பிய கதைக்கு வருகிறேன். எம்.ஜி.ஆரின் உடல் ராஜாஜி ஹாலில் வைக்கப்பட்டிருந்தது. கடைசி ஊர்வலம் அங்கிருந்து புறப்பட்டது ராஜாஜி மறைந்த அதே தேதியில், பதினைந்து வருஷம் கழித்து. 1972 டிசம்பர் 25-ல் ராஜாஜி இறந்தபோது, வாழ்நாளெல்லாம் அவரை எதிர்த்து நின்ற பெரியார் சக்கர நாற்காலியில் சுடுகாட்டுக்கு வந்து கண்ணீர் விட்டார். ஒரு நாள் குறைய ஒரு வருஷம். 1973 டிசம்பர் 24-ல் பெரியார் காலமானார். 25-ஆம் தேதி பெரியார் திடலில் அடக்கம். நண்பர்களாயிருந்த இரண்டு எதிரிகளும் அவர்களுக்குப் பின்னால் வந்த ஒரு நடிகரும் ஒரே தேதியில் தமிழ்நாட்டை அழவைத்திருக்கிறார்கள். இதை நைனாவிடம் சொன்னால், "அதுக்கு இன்னா இப்போ?" என்பார். கடலோடிக்குத் தேதியில் சுவாரஸ்யம் கிடையாது. "நெலாவப் பாத்துதான்டா வலை. காலண்டரப் பாத்து இல்ல" என்பது அவர் வாதம். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் ஏரியில் நீர் ஏறி இறங்கும் வேகம் மற்ற நாளைப் போல இருக்காது. வாடைக் காற்று எழுந்தால் எந்த மூலையில் மடவை திரளும் என்று அவருக்குத் தெரியும். அன்றைக்கு ஆங்கிலத் தேதி என்ன என்று கேட்டால் தெரியாது.

தேதியைக் கல்லில் வெட்டி வைத்தவர்கள் எங்கள் ஊருக்குக் கப்பலில் வந்தவர்கள். டச்சுக்காரர்கள் 1613-ல் இங்கே கெல்ட்ரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடமாக 1690 வரை பழவேற்காடுதான் இருந்தது; பிறகு அது நாகப்பட்டினத்துக்குப் போனது. கோட்டை இடிந்துவிட்டது, கல்லறைத் தோட்டம் நிற்கிறது. வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பம், உள்ளே பெரிய பெரிய பலகைக் கற்கள். ஒவ்வொன்றிலும் பெயர், பிறந்த நாள், இறந்த நாள். சின்ன வயதில் அங்கே ஆடு தேடிப் போகும்போது அந்த எண்களைத் தடவிப் பார்ப்பேன். எங்கள் தாத்தன் பூட்டனில் ஒருவருக்கும் இறந்த தேதி தெரியாது. திதி தெரியும், அன்றைக்குப் படையல் போடுவோம்.

டச்சுக்காரர்களுக்கு முன்பே போர்த்துகீசியர் வந்துவிட்டார்கள். மகிமை மாதா கோயில் 1515-ல் தோன்றியது என்று கோயில் வரலாறு சொல்கிறது. அதனால் எங்கள் ஊருக்குக் கிறிஸ்துமஸ் புதிதல்ல. நள்ளிரவுப் பூசை முடிந்து விடிந்தால் கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, மீஞ்சூர், சென்னைப் பக்கமிருந்து ஜனம் வரத் தொடங்கும். அது பூநாரைகள் வந்திறங்கும் பருவமும்கூட. ஏரி பார்க்கவும், பறவை பார்க்கவும், பொரித்த இறால் தின்னவும், படகில் ஒரு சுற்று சுற்றி வரவும் வருவார்கள்.

2010-ல் அந்த நாளில் வந்தவர்கள் வேறொன்றையும் பார்த்தார்கள். ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் நீண்டு கிடக்கிற ஸ்ரீஹரிகோட்டாவை 1969-ல் ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுத்தார்கள். 1971-லிருந்து அங்கே ராக்கெட் கிளம்புகிறது. கிளம்பும் நாளில் கடலுக்குப் போகாதே என்று எங்களுக்கு எச்சரிக்கை வரும். அன்றைக்கு ஜி.எஸ்.எல்.வி. எப்06. உள்ளே ஜிசாட்-5பி, 2,310 கிலோ எடை. டிசம்பர் 20-ல் போக வேண்டியது. கசிவு கண்டுபிடித்துத் தள்ளி வைத்ததால் 25-ஆம் தேதிக்கு வந்து சேர்ந்தது. மாலை நாலு மணிக்கு மேல் வடக்கே வெள்ளைக் கோடு எழுந்தது. பிள்ளைகள் கைதட்டினார்கள். கோடு வளைந்தது. பிறகு நெருப்புப் பந்து, துண்டு துண்டாகப் புகை. எல்லாம் கடலில் விழுந்தபின்தான் சத்தம் எங்களிடம் வந்து சேர்ந்தது. "இன்னா மாமா, பட்டாசு வுட்டாங்களா?" என்று அக்கா மகள் கேட்டாள்.

ஏன் வெடித்தது என்று இஸ்ரோ குழு போட்டுத் தேடியது. கிரையோஜெனிக் பகுதியின் அடியில் இருந்த சில இணைப்பான்கள் பறக்கும்போதே கழன்றுவிட்டன. அதனால் கட்டளைகள் கீழே இருந்த இயந்திரங்களுக்குப் போய்ச் சேரவில்லை. ராக்கெட் தடுமாறியதும் தரையிலிருந்தே அதை அழித்துவிட்டார்கள். நாள் சரியில்லை, ராசி சரியில்லை என்று அந்த அறிக்கையில் எந்த வரியும் இல்லை.

அடுத்த டிசம்பர் 25 ஞாயிற்றுக்கிழமை. 2011. உறவுக்காரர்களாக ஒரு பெரிய கூட்டம், பெண்களும் பிள்ளைகளும் நிறைய, உலாப் போக ஒரு மீன்பிடிப் படகில் ஏறினார்கள். படகு கவிழ்ந்து 22 பேர் செத்துப்போனார்கள். உயிர் காக்கும் சட்டை இல்லை. மீன் ஏற்றவும் வலை ஏற்றவும் செய்த படகு அது. நாலு பேர் எந்த இடத்தில் எப்படி உட்கார வேண்டும் என்று அறிந்து உட்காருவதற்கானது. பழக்கமில்லாத இருபதுக்கும் மேற்பட்ட பேர் ஒரு பக்கமாக எழுந்தாலே போதும், தண்ணீர் உள்ளே வந்துவிடும். மார்கழியில் முகத்துவாரத்துப் பக்கம் போனால் இன்னும் மோசம். வடகிழக்கு மழையில் ஆரணி ஆறும் காளங்கியும் கொண்டுவந்து கொட்டிய வெள்ளம் கடலுக்கு வெளியேறும். கடல் எதிர்த்து உள்ளே தள்ளும். இரண்டும் மோதுகிற அந்த இடத்தை எங்கள் ஆட்களே கண்ணை அகற்றாமல்தான் தாண்டுவார்கள்.

அன்று ராத்திரி எங்கள் தெருவில் பேசிக்கொண்டது எனக்கு மறக்கவில்லை. "போன வருஷம் ராக்கெட்டு, இந்த வருஷம் படகு. இந்தத் தேதியே ஆவாது." அத்தை ஒரு படி மேலே போனாள். "சுனாமி வந்ததும் இத்த ஒட்டித்தான்" என்றாள். 2004 டிசம்பர் 26. முதல் நாள் கிறிஸ்துமஸ், மறுநாள் ஞாயிறு, பௌர்ணமி. எங்கள் பக்கத்தில் கடலைப் பார்த்த குப்பங்களில் தண்ணீர் புகுந்து வலையும் படகும் வீடும் போயின. நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000 பேருக்கும் மேல் இறந்ததை நினைத்தால் எங்களுடையது சிறிய அடி. பத்து வருஷம் கழித்து, 2014-ல் அதே கிறிஸ்துமஸ் நாளில், அந்தச் சுனாமியை உச்சக்கட்டமாக வைத்துப் பிரபு சாலமனின் 'கயல்' படம் வெளிவந்தது. அலை வரும் இடத்தில் அத்தை எழுந்து வெளியே போய்விட்டாள். பாப்கார்ன் வாங்கிக்கொண்டு வெளியிலேயே உட்கார்ந்திருந்தாளாம்.

அத்தையின் கணக்கை நான் நிறைய நாள் மனத்தில் உருட்டியிருக்கிறேன். தேதி ஒன்றாக இருப்பதாலேயே எல்லாவற்றையும் ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். பிரித்துப் பார்த்தால் கூடையில் இரண்டு வகை இருக்கிறது. ராஜாஜி, சாப்ளின், பெரியாரின் அடக்கம், எம்.ஜி.ஆரின் ஊர்வலம் எல்லாம் தற்செயல். சுனாமியும் அப்படித்தான், பூமிக்கு அடியில் தட்டுகள் நகர்வதற்குக் கிறிஸ்துமஸ் தெரியாது. ஆனால் 'கயல்' அந்தத் தேதியில் வந்ததற்குக் காரணம் உண்டு. லீவு நாளில் தியேட்டர் நிறையும். அந்தக் குடும்பம் அந்தத் தேதியில் ஏரிக்கு வந்ததற்கும் அதே லீவுதான் காரணம். படகு நிறைந்ததற்கும் அதுவே. விதி என்று சொல்வதற்கு அங்கே அதிக இடமில்லை. வருஷா வருஷம் அந்த நாளில் எவ்வளவு கூட்டம் வரும் என்று ஊருக்கே தெரியும்.

1968-ல் அதே தேதியின் இரவில் கீழ்வெண்மணியில் கூலி உயர்வு கேட்ட 44 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், குடிசைக்குள் வைத்து எரிக்கப்பட்டார்கள். அதையும் பத்திரிகைப் பட்டியல் ஒரு வரியில் சொல்லிவிட்டு அடுத்த வரியில் யாரோ ஒரு நடிகையின் பிறந்த நாளுக்குப் போகும். அந்த 44 பேரைத் தேதி எரிக்கவில்லை. கூலிக்கணக்கும் சாதியும் எரித்தன. ராக்கெட் விழுந்தால் இணைப்பானைத் தேடுகிறோம். ஏழைகள் செத்தால் பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறோம். எனக்கு உறுத்துவது இதுதான்.

2011-க்குப் பிறகு உலாப் படகுக்கு மாவட்ட நிர்வாகம் தடை போட்டது. தடையை மீறிச் சவாரி நடக்கிறது என்று அவ்வப்போது செய்தியும் வந்தது. ஏரியில் இறால் குறைந்துபோன வருஷங்களில், முகத்துவாரம் மணலடித்துத் தூர்ந்து வலை காலியாக வந்த நாட்களில், ஒரு சவாரிக்குக் கிடைக்கிற பணம் யார் கண்ணையும் இழுக்கும். ஊரில் அதைக் குற்றம் என்று பேசியவர்களும் உண்டு, பசி என்று பேசியவர்களும் உண்டு. இரண்டுமே உண்மை என்பதால் சண்டை முடியவே முடியாது.

2021 டிசம்பர் 25 மாலை தென் அமெரிக்காவிலிருந்து ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி கிளம்பியதை என் மச்சான் மகன் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்பன், என் மச்சான், படகைக் கட்டிவிட்டுக் கரையில் நின்றிருந்தான். வேனில் வந்து இறங்கிய ஒரு கூட்டம், பாட்டியும் கைக்குழந்தையுமாக, ஒரு சுற்றுக்கு எவ்வளவு என்று கேட்டது. முடியாது என்றான். கூடத் தருகிறோம் என்றார்கள். "காசு கூடக் குடுத்தா தண்ணி கொறையுமா சார்?" என்றான் மச்சான். அதிகம் பேசுகிறான் என்று ஒருவருக்குக் கோபம். பாட்டிதான் அவரை அடக்கி, எதிரே உள்ள கடைகளில் இறால் வறுவல் எதில் நன்றாக இருக்கும் என்று விசாரித்தாள். மச்சான் கையை நீட்டிக் காட்டினான். அத்தனை பேரும் அங்கே போய் உட்கார்ந்து, விலை அதிகம் என்று சண்டை போட்டுக்கொண்டே, வயிறார சாப்பிட்டுவிட்டு வேனில் ஏறிப் போனார்கள். அடுத்த நாள் பேப்பரில் எங்கள் ஊரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.