அம்பாரத்தை மூடுகிற காலம்

ஆகஸ்ட் 9, 2023

ஒப்பந்தம் தபாலில் வந்துவிட்டது. ஏழு பக்கம். பதினோரு வருஷமாக எழுதிய உப்பள நாவலைச் சென்னைப் பதிப்பகம் ஒன்று போடுகிறது. மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினேன். அம்மாவிடம் சொன்னேன். “பருப்பு அடிப்பிடிக்கு, பாரு” என்றாள்.

ஆகஸ்ட் 10

நாலாம் பக்கத்தில் ஒரு வரி: ‘பதிப்புரிமைக் காலம் முழுமைக்கும்.’ தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 13

கூடப் படித்த வக்கீலிடம் காட்டினேன். நம் சட்டப்படி அந்தக் காலம் எழுதியவரின் ஆயுளும், அதற்குப் பிறகு 60 வருஷமும். எத்தனை வருஷம் என்று குறிப்பிடாமல் எழுதிக் கொடுத்தால் 5 வருஷத்தோடு முடிந்துவிடும் என்கிறது 19ஆம் பிரிவு. இதில் குறிப்பிட்டே எழுதியிருக்கிறார்கள். அச்சு, மின்னூல், ஒலிநூல், சினிமா, மொழிபெயர்ப்பு எல்லாம் அதில் அடக்கம்.

எனக்குப் 10 சதவீதம், வருஷத்துக்கு ஒரு தடவை கணக்கு. 280 ரூபாய் புத்தகத்துக்கு 28 ரூபாய். அந்த 28 என்னை உறுத்தவில்லை. மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அவள் கிழவியான பிறகும் அவள் ஆச்சியின் கதையை அச்சிட இன்னொருவரிடம் கேட்டு நிற்க வேண்டும். அதுதான் உறுத்துகிறது.

ஆகஸ்ட் 27

பதிப்பாளர் அரைமணி நேரம் பேசினார். கெட்ட மனிதரில்லை. நாவலை இரண்டு தடவை படித்திருக்கிறார், நான் கவனிக்காத ஒரு காலக்குழப்பத்தைக் கண்டுபிடித்துச் சொன்னார். ஷரத்தை மாற்ற முடியாதாம், எல்லாருக்கும் அதே படிவம்தானாம். இன்னொன்றும் சொன்னார். “வாருபலகை, தெப்பம், அம்பாரம்னு பக்கத்துக்குப் பக்கம் வருது மேடம். வெளியூர்ல படிக்கிறவங்க தடுக்கி விழுவாங்க. பொதுவான வார்த்தையா மாத்திடலாமே.”

அதையும் யோசித்தேன். யாருக்கும் புரியாமல் எழுதி என்ன பிரயோஜனம்? சாயங்காலம் அம்மாவிடம் கேட்டேன், வாருபலகைக்கு வேறு பேர் உண்டா என்று.

“வேற என்னன்னு சொல்ல? அளத்துல போயி வேற பேரச் சொன்னா கங்காணி மேலயும் கீழயும் பாப்பான்.”

பேசிக்கொண்டே இரண்டு கையையும் முன்னால் நீட்டி, பாத்தியில் உப்பு வாருகிற மாதிரி ஒரு இழுப்பு இழுத்தாள். அளத்தை விட்டுப் பதினாலு வருஷமாகிறது. தோள் இன்னும் அந்தக் கோணத்துக்குத் தானாகப் போகிறது. உள்ளங்கையில் நடுவிரலுக்குக் கீழே தோல் காய்த்துக் கிடக்கிறது, தேய்த்தால் சொரசொரவென்று சத்தம் வரும்.

செப்டம்பர் 14

மாட்டேன் என்று எழுதிப் போட்டேன். போட்டதிலிருந்து வயிற்றைக் கலக்குகிறது.

செப்டம்பர் 20

நானே அச்சிடப் போகிறேன். டெமி அளவு, 224 பக்கம், 14 ஃபாரம். 300 பிரதிக்கு, அட்டையோடு சேர்த்து, பிரதிக்கு 110 ரூபாய் கேட்கிறார்கள். 33,000. சீட்டுப் பணத்தை எடுக்க வேண்டும். கடையில் 40 சதவீதம் கழிவு கேட்பார்கள், அது போக 168 கைக்கு வரும். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது, விற்றால். புத்தகக் காட்சியில் அரங்கு, நூலக ஆணைக்கு அலைய ஆள், மதுரையிலும் கோவையிலும் கடை, இதில் எதுவும் எனக்கு இல்லை. வேண்டாமென்று விட்டது சின்ன விஷயமில்லை.

அக்டோபர் 8

நேற்று ராத்திரி முழுக்க சி.சு. செல்லப்பா நினைப்பு. ‘எழுத்து’ பத்திரிகை நடத்தியவர், புத்தக மூட்டையைத் தானே சுமந்து கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். எண்பது தாண்டிய வயதில் ‘சுதந்திர தாகம்’ மூன்று பாகத்தையும் தானே வெளியிட்டார். 1998இல் போய்விட்டார். சாகித்ய அகாதெமி விருது வந்தது 2001இல். இதை நினைத்தால் தைரியம் வருகிறது, கொஞ்ச நேரத்தில் அழுகையும் வருகிறது.

அக்டோபர் 21

மூன்றாம் மெய்ப்பு. ‘உப்பு’ என்பது ஒரு இடத்தில் ‘ஒப்பு’ என்று கிடந்தது.

நவம்பர் 10

புத்தகம் வந்தது. இருபது இருபதாகப் 15 பண்டல். பசை வாசனை. முதல் பிரதியை அம்மா கையில் கொடுத்தேன். படிக்கத் தெரியாது, தலைகீழாகப் பிடித்தபடி அட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு பண்டல்களைப் பார்த்தாள்.

“ஏட்டி, ஐப்பசில தரையில வைக்கியா?”

செங்கல் அடுக்கி, மேலே பலகை போட்டு, தார்ப்பாயைச் சுற்றிக் கயிறு கட்டினாள். மழைக்கு முன்னால் உப்பு அம்பாரத்தை ஓலை போட்டு மூடுவார்களே, அதே வேகம்.

நவம்பர் 29

விற்றது 40. அதில் 31 தெரிந்தவர்கள்.

டிசம்பர் 22

கரண்ட் இன்றுதான் வந்தது. 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை பிடித்த மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் என்கிறார்கள். எங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ராத்திரி வந்தது, செங்கல்லையும் பலகையையும் தாண்டி. நான் மகளையும் அரிசியையும் ரேஷன் கார்டையும் மேலே ஏற்றிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தால் முழங்கால் தண்ணீரில் அம்மா. தன் கட்டில் மேல் எட்டுப் பண்டல் ஏற்றியிருந்தாள். விடியும் வரை நாற்காலியில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தாள்.

ஐந்து பண்டல் போச்சு. 100 பிரதி, ரொட்டி மாதிரி உப்பிக் கிடக்கிறது. நான் அழுதேன். அம்மா வாசலைப் பார்த்தே சொன்னாள்: “அளத்துல அம்பாரமெல்லாம் கரைஞ்சிருக்கும். பாவம், கூலி எப்பக் குடுப்பானோ.”

டிசம்பர் 24

எதுவும் எழுத வரவில்லை.

ஜனவரி 6, 2024

சென்னைப் புத்தகக் காட்சி 3ஆம் தேதி தொடங்கிவிட்டது. நந்தனத்தில் ஒரு நண்பர் தன் அரங்கில் 30 பிரதி வைத்திருக்கிறார். மூன்று நாளில் 4. பதிப்பாளர் செய்தி அனுப்பியிருக்கிறார்: வெள்ளத்தைக் கேள்விப்பட்டாராம், இரண்டாம் பதிப்பை அவர்கள் போடலாமா என்று கேட்கிறார். சொற்களை அப்படியே விடலாமாம். ஷரத்தைப் பற்றி ஒன்றுமில்லை.

ஜனவரி 9

1954 சட்டப்படி, பதிப்பிப்பவர் நாலு நூலகங்களுக்குத் தலா ஒரு பிரதி அனுப்ப வேண்டும். வெளியான 30 நாளுக்குள் அனுப்பியிருக்க வேண்டியது, தவறிவிட்டது. பதிப்பிப்பவர் நான்தான். கன்னிமாராவுக்கு முதலில் கட்டினேன். நல்ல பிரதியாக அம்மாதான் பொறுக்கிக் கொடுத்தாள், ஒவ்வொன்றின் அடியையும் கன்னத்தில் வைத்துப் பார்த்து.

“எங்க போவுது?”

“மெட்ராஸுக்கும்மா. லைப்ரரில வச்சிருப்பாவ.”

“எத்தன நாளைக்கு?”

“எப்பவும்.”

பார்சலை என் கையிலிருந்து வாங்கி, இன்னொரு பாலித்தீன் பையைத் தேடி எடுத்து, அதன் மேல் சுற்றினாள்.

பதிப்பாளருக்கு இன்னும் பதில் எழுதவில்லை.