எலுமிச்சைக்கு அடியில் வெட்டிவேர்

எட்மோன் ருட்னிட்ஸ்கா உருவாக்க, டியோர் நிறுவனம் 1966-இல் வெளியிட்ட 'ஓ சொவாஜ்', கோடையின் அலுவல் உடைக்குப் பொருந்தும் எலுமிச்சை வகை நறுமணங்களுக்கு முன்மாதிரியாகவே இன்றும் கருதப்படுகிறது. ஆரஞ்சுத் தோலை மடித்துப் பிதுக்கும்போது தெறித்துக் கண்ணை எரிக்கும் நுண்துளிகளைப் போன்ற தோல் எண்ணெய்களே இவ்வகையின் உயிர். ஆனால் அவற்றில் மிகுந்துள்ள லிமோனீன் என்னும் சேர்மம் வெகு விரைவில் ஆவியாகிவிடுவதால், எலுமிச்சையை மட்டும் நம்பிய கலவை அலுவலகம் போய்ச் சேருவதற்குள் மங்கிவிடும். இக்குறையை இனிப்பைக் கூட்டி மறைக்காததே ருட்னிட்ஸ்காவின் நயம். பெரும்பாலும் இத்தாலியின் கலாப்ரியாவில் விளையும் பெர்கமோட் என்னும் நாரத்தை இனப் பழத்தின் எண்ணெய்க்கு அடியில், மல்லிகையின் மெல்லிய சாயலைத் தரும் ஹெடியோன் என்னும் ஆய்வகச் சேர்மத்தையும் வெட்டிவேரையும் அவர் வைத்தார். (பிரெஞ்சுக்காரர்கள் இவ்வேரைக் குறிக்கும் 'வெட்டிவெர்' என்ற சொல்லே தமிழிலிருந்து சென்றதுதான்.) வியர்வை படிந்த தோலில் இனிப்பு வாசனை கனத்துத் திகட்டும், இதிலோ எலுமிச்சை விலகிய பின்னும், சற்றே கசந்து மண்ணை நினைவூட்டும் மணம் சட்டைக் காலருக்குள் தங்கி, கைகுலுக்கும் தொலைவில் நிற்பவருக்கு மட்டுமே எட்டுகிறது.