மாவுக்கட்டு நீங்கிய பின்

நோயாளியின் செவிக்கு 'நலமாகிவிட்டது' என்னும் சொல்லைப் போல இனிய சொல் வேறில்லை. அச்சொல்லைச் சிறு வயதிலேயே கேட்கும் பேறு பெற்றவர்கள் நாங்கள். பிழைப்பின் பொருட்டு மும்பைக்கு வந்து வேரூன்றிய தமிழ்க் குடும்பங்களைச் சேர்ந்த ஐவர். நால்வர் பெண்கள், ஒருவர் ஆண். 1976க்கும் 1987க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், வெவ்வேறு ஊர்களில், முதுகெலும்பு வளைவுக்காக அறுவை சிகிச்சை செய்துகொண்டோம். சங்கத்துப் பொங்கல் விழாக்களிலும் ஆண்டு விழாக்களிலும் ஒருவரை ஒருவர் அறிந்தோம். எங்கள் உடல்கள் எங்களுக்குக் கற்பித்ததை வாசக அன்பர்கள் முன் வைக்கவே இதனை ஐவரும் சேர்ந்து எழுதுகிறோம்.

ஸ்கோலியோசிஸ் என்று மருத்துவர் குறிக்கும் இந்நோயில் முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு முறுக்கிக்கொள்ளவும் செய்கிறது. எக்ஸ்ரே படத்தில் அளந்து, 10 பாகையும் அதற்கு மேலும் உள்ள வளைவையே இப்பெயரால் அழைப்பர். பெரும்பாலோரிடம் இதற்குக் காரணம் இன்னதென்று புலப்படுவதில்லை. வளரும் பருவத்தில் தலைகாட்டும். வளைவு மிகுந்து அறுவைக்கு உள்ளாவோரில் சிறுமியரே அதிகம். எங்களுள் ஒருவருக்கு, தலை பின்னும்போது ஒரு தோள் உயர்ந்திருப்பதை அன்னை கண்டார். மற்றொருவருக்குத் தையற்காரர் கண்டுபிடித்தார். இரவிக்கையின் ஒரு பக்கம் எப்போதும் இறங்கியே நின்றதாம்.

அந்நாளில் உலகெங்கும் கையாளப்பட்ட முறை, அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து மருத்துவர் பால் ஹாரிங்டன் வகுத்தது. இளம்பிள்ளை வாதத்தால் முதுகு வளைந்த சிறுவர்களுக்காக அவர் 1950களில் உழைத்து, 1962இல் தம் முறையை மருத்துவ இதழில் வெளியிட்டார். வளைவின் மேற்புறத்தில் ஒரு கொக்கியும் கீழ்ப்புறத்தில் ஒரு கொக்கியும் மாட்டி, இடையே துருப்பிடிக்காத எஃகுக் கோல் ஒன்றைப் பொருத்தி, வண்டிச் சக்கரத்தை ஜாக்கி கொண்டு உயர்த்துவது போல இரு முனைகளையும் விலக்கித் தள்ளுவர். பின்னர் இடுப்பெலும்பிலிருந்து எடுத்த சிறு துண்டுகளைப் பரப்பி, முதுகெலும்புக் கணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே எலும்பாக இறுகுமாறு செய்வர். அதன்பின் மாதக்கணக்கில் மார்பையும் இடுப்பையும் சுற்றி மாவுக்கட்டு. மும்பைக் கோடையின் வெப்பத்தில் அக்கட்டுக்குள் இருந்த நாட்களை இன்று நினைத்தாலும் உடல் வேர்க்கிறது.

கட்டைப் பிரித்த நாளில் நாங்கள் உயரமாக நின்றோம். பெற்றோர் கண் கலங்கினர். அந்த அறுவை நிகழ்ந்திராவிடில் எங்களுள் இருவரின் வளைவு மேன்மேலும் முற்றி, மூச்சுக்கே இடர் விளைத்திருக்கக் கூடும். எனவே அம்மருத்துவர்களிடம் எங்களுக்கு இன்றும் நன்றி உண்டு. ஆயினும் எவரும் எங்களை மீண்டும் வந்து காணுமாறு சொல்லவில்லை. கதை முடிந்தது என்றே எல்லாரும் எண்ணினர்.

நலமுள்ள முதுகைப் பக்கவாட்டில் நின்று நோக்கினால் அது நேர்கோடாக இராது. இடுப்பருகே உட்குழிந்து, மார்பின் பின்புறம் சற்றே புறம் வளைந்திருக்கும். அந்த உட்குழிவே தலையையும் மார்பையும் இடுப்பின்மேல் நிறுத்துகிறது. விலக்கித் தள்ளிய எஃகுக் கோல் தீய வளைவை நிமிர்த்தியபோது, இடுப்பு வரை நீண்டவர்களிடம் இந்த நல்ல வளைவையும் தட்டையாக்கிவிட்டது. இளமையில் தசைகள் அக்குறையைத் தாங்கின. ஆண்டுகள் செல்லச் செல்ல, ஒட்டாமல் எஞ்சிய கீழ்க் கணுக்கள் ஒன்றிரண்டே குனிதல், நிமிர்தல் என்னும் வேலை அனைத்தையும் சுமந்து தேய்ந்தன. உடல் முன்னோக்கிச் சாயத் தொடங்கியது. நேராக நிற்க வேண்டுமாயின் முழங்காலை மடக்கியே நிற்க வேண்டும் என்ற நிலை வந்தது. இதனை மருத்துவர் 'ஃபிளாட்பேக்' என்பர்; நாம் தட்டை முதுகு எனலாம். கோல் தாங்கிய அனைவருக்கும் இது வருவதில்லை. எங்கள் ஐவரில் ஒருவருக்கு இன்றளவும் பெருந்துன்பம் இல்லை. அவருக்கு எலும்பு ஒட்டியது இடுப்புக்கு மிக மேலேயே நின்றுவிட்டது.

மற்ற நால்வரின் அனுபவம் ஏறத்தாழ ஒன்றே. காலையில் நிமிர்ந்து எழுவோம்; மாலைக்குள் யாரோ முன்னால் இழுப்பது போலிருக்கும். சமையல் மேடையில் முழங்கையை ஊன்றாமல் ஒரு குழம்பை இறக்க இயலாது. மின்சார ரயிலில் தாதரிலிருந்து முலுண்ட் வரை நிற்பது ஒரு தவம். திருமணப் பந்தியில் தரையில் அமர மறுத்தால் செருக்கு என்றனர். நடையில் தள்ளாட்டம் கண்டால் முதுமை என்றனர். "ஐம்பது தாண்டினால் யாருக்குத்தான் இடுப்பு வலிக்கவில்லை?" என்று வீட்டார் கேட்டனர். அவர்கள் மீது குற்றமில்லை. எங்களுக்கே காரணம் தெரிந்திருக்கவில்லை. எங்களுள் இருவரின் அறுவை, திருமணத்தின்போது மாப்பிள்ளை வீட்டாரிடம் மறைக்கப்பட்டிருந்தது. மறைத்த செய்தியை முப்பது ஆண்டுகள் கழித்து வலியின் காரணமாக எடுத்துச் சொல்வது எளிதா?

மருத்துவரிடம் சென்றபோதும் உடனே விடை கிட்டவில்லை. படுக்கவைத்து இடுப்பை மட்டும் படமெடுத்தனர். அதில் கோல் உறுதியாகவே இருந்தது. கழுத்து முதல் இடுப்பு மூட்டு வரை, முழங்காலை நீட்டி நின்ற நிலையில், பக்கவாட்டில் எடுத்த படமே உண்மையைக் காட்டியது. இந்த ஒரு செய்தியை அறிய எங்களுள் ஒருவருக்கு ஆறு ஆண்டுகள் ஆயின. பழைய அறுவைக் குறிப்பைக் கேட்டபோது, அவ்வளவு பழைய ஏடுகளை வைத்திருப்பதில்லை என்று ஒரு மருத்துவமனை கைவிரித்தது. வீட்டில் இருந்த படங்களோ, வாடகை வீடு மாறி மாறிச் சென்றதில் எங்கோ தொலைந்திருந்தன.

திருத்தும் அறுவை உண்டு. ஒட்டி இறுகிய எலும்பிலிருந்து ஆப்பு வடிவில் ஒரு துண்டை வெட்டி நீக்கி, இழந்த குழிவை மீட்பர். எங்களுள் ஒருவர் 2016இல் அதனைச் செய்துகொண்டார். பல மணி நேர அறுவை. குருதி இழப்பும் நரம்புக்கு ஊறு நேரும் அச்சமும் உடையது. தேற ஓராண்டு ஆயிற்று. இன்று அவர் நிமிர்ந்து நடக்கிறார். ஆனால் குனிந்து காலில் மெட்டி அணிய முடியாது. மற்ற மூவரும் தக்க உடற்பயிற்சியாலும் மருந்தாலும் காலம் கழிக்கின்றனர். எவ்வழி நல்லது என்பதை அவரவர் உடலும் மருத்துவருமே முடிவு செய்ய வேண்டும்.

இவற்றை வெளியில் சொல்வதா என்பதில் எங்களுக்குள்ளேயே கருத்து மாறுபாடு எழுந்தது. கடந்த ஆண்டு சங்க விழாவில் ஒரு தாய் எங்களிடம் வந்து, "அக்கா, என் மகளுக்குப் பதின்மூன்று வயது. வளைவு 52 பாகை. உங்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. அறுவை வேண்டாம் என்று சொல்லிவிடட்டுமா?" என்று கேட்டார். நாங்கள் திகைத்தோம். எங்கள் பேச்சு ஒரு பிள்ளைக்குக் கிடைக்க வேண்டிய சிகிச்சையைத் தடுத்துவிடுமாயின் அது பெருங்கேடு. பேசாதிருந்தாலோ, எங்களைப் போன்றோர் காரணம் அறியாமலே கூனிப் போவர்.

அத்தாயிடம் அறிந்தவற்றைச் சொன்னோம். 1980களில் பிரான்சின் கோத்ரெலும் துபூசேவும் புதுமுறை கண்ட பின், எங்களுக்குச் செய்த முறை படிப்படியாக வழக்கொழிந்தது. இன்று பல கணுக்களில் திருகாணி பொருத்தி, இடுப்பின் இயற்கைக் குழிவைக் காத்தே நிமிர்த்துகின்றனர். வளைவு சிறிதாயிருக்கும்போதே கண்டு, கச்சை அணிவித்தால் பலருக்கு அறுவையே தேவைப்படாது என்பதும் 2013இல் வெளியான ஆய்வால் உறுதியாயிற்று. 52 பாகை அந்த எல்லையைக் கடந்தது. ஆகவே, அறுவையை மறுக்காமல் வினாக்களோடு செல்லுங்கள் என்றோம்: எந்தக் கணு வரை ஒட்டப் போகிறீர்கள்? இடுப்பின் குழிவு எவ்வாறு காக்கப்படும்? பின்னர் எத்தனை ஆண்டுகளுக்கு ஒருமுறை காண வேண்டும்? சிறுமிக்கு அறுவை முடிந்தது. அவள் இப்போது பள்ளி செல்கிறாள். அவளுடைய படங்கள் அனைத்தையும் ஓர் உறையிலிட்டு, அத்தாய் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறார்.

வாசகர்களுக்கும் எங்கள் வேண்டுகோள் இதுவே. அறுவை நிகழ்ந்த ஆண்டு, ஒட்டிய கணுக்கள், பொருத்திய உலோகம் ஆகிய மூன்றையும் எழுதி வையுங்கள். மகள் மணமாகிச் செல்லும்போது நகைப்பெட்டியோடு அந்த உறையையும் கொடுங்கள். பிள்ளைப்பேற்றின்போது முதுகில் மயக்க ஊசி போடுவதும், எம்.ஆர்.ஐ. படம் எடுப்பதும் இக்கோலால் கடினமாகக் கூடும், முன்னரே தெரிவியுங்கள். கால் திடீரெனத் தளர்ந்தாலோ சிறுநீர் அடக்கம் குலைந்தாலோ ஒரு நாளும் காத்திராது மருத்துவமனைக்கு விரையுங்கள். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ, இளமையில் முதுகில் கோல் பொருத்தப்பட்டு, இன்று முழங்கால் மடங்கி நடக்கும் ஒருவர் இருப்பாராயின், அவரைச் சோம்பேறி என்றோ முதியவர் என்றோ ஒதுக்காமல் முதுகெலும்பு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். துணைக்கு வர ஆளில்லையேல் சங்க அலுவலகத்தில் சொல்லி அனுப்புங்கள். எங்களில் ஒருவர் வருவோம். மெல்லத்தான் நடப்போம், ஆனால் உறுதியாக வருவோம்.